இளையவன் எடுத்த பங்கு

எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினைக்கு ஒரு முறை உண்டு. மூத்தவன் பிரிப்பான். இளையவன் முதலில் எடுப்பான். மிஞ்சியது மூத்தவனுக்கு. எந்தப் பங்கு தன் கைக்கு வரும் என்று பிரிக்கிறவனுக்குத் தெரியாது. அதனால் அவன் போடும் கோடு நேராகப் போகும். என் தகப்பனார் பிரித்தபோது சித்தப்பா ஆற்றோர நிலத்தை எடுத்துக்கொண்டார். என் தகப்பனார் தம் கையால் தென்னை வைத்த நிலம் அது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அன்றைக்கு ஊர் அவரைப் பற்றிச் சொன்ன சொல்லில்தான் நாங்கள் இன்றுவரை நிமிர்ந்து நடக்கிறோம்.

அதே முறையை என் மகனின் தலைக்குள்ளும் கடைப்பிடிக்கச் சொன்னேன். அதில் தவறு இருந்ததாக இப்போதும் நான் கருதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

என் மகன் மகுடேசனுக்கு நாற்பத்தொரு வயது. ஈரோட்டுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் சாயப்பட்டறையை அவன்தான் பார்த்து வந்தான். சென்ற ஆடி மாதம் பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில் மூன்று பேர் இறந்தார்கள். தொட்டிக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிறது. அதற்கென்று இயந்திரக் கை இருக்கிறது. அன்றைக்கு அது பழுதாகிக் கிடந்தது. சனிக்கிழமைக்குள் சரக்குப் போயாக வேண்டும்.

"மிஷின் நாளைக்கு வந்துருமுங்கய்யா. நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றான் மேஸ்திரி அய்யாவு.

"உங்கப்பன் என்கிட்ட நாளைக்குன்னு ஒரு சொல் சொன்னதில்லடா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஏணியின் ஐந்தாவது படியில் கை நழுவியது. அவனைத் தூக்க ஒடிசாக்காரர்கள் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். யாரும் ஏறி வரவில்லை. மகுடேசன் மாடிப்படியில் நின்று முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அரசு ஒரு விசாரணை ஆணையம் வைத்தது. அய்யாவு தன்னிச்சையாக இறங்கினான், மற்ற இருவரையும் அவனே கூப்பிட்டான் என்று எங்கள் மேலாளர் எழுதிக் கொடுத்தார். அதை நான் எழுதவில்லை. மறுக்கவும் இல்லை. பேசாமல் இருப்பது பொய் ஆகாது.

மகுடேசன் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்பா, மாராத்தக்கா ஊட்டு வாசல்ல நேத்து சாணியக் கரைச்சு ஊத்தியிருக்கறாங்க. ரெண்டு பேரக் கொன்னவம் பொண்டாட்டின்னு. அந்தம்மா கழுவிட்டு இருக்குது. நான் பாத்துட்டு வண்டிய நிறுத்தாம வந்துட்டேன்."

மாராத்தாள் அய்யாவுவின் மனைவி.

"அந்தம்மாளுக்கு வேண்டியதச் செஞ்சுட்டுத்தான இருக்கறோம்?"

"சொல்லோணுங்கப்பா. யாராச்சும் சொல்லோணும். நான் ஆணையத்துல போய்ச் சொல்லிர்றேன்."

அவன் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பட்டறை வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடுவான். மனநலம் சரியில்லை என்று இரண்டு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுக்கும்படி நான்தான் கேட்டேன். பெற்ற மகன் தகப்பனைச் சாட்சிக் கூண்டில் நின்று காட்டிக்கொடுத்தான் என்ற பேச்சு எங்கள் வீட்டுப் பெயரோடு சேர்வதைவிட, மகனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்ற பேச்சு தேவலை.

கோயம்புத்தூரில் அந்த மருத்துவமனையை நடத்தியவர் டாக்டர் ஹெலன் ரத்தினம். ஐம்பது வயது இருக்கும். பேசும்போது எதிரில் இருப்பவரின் பதவியைப் பார்க்கமாட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மரியாதை வந்தது.

"பழைய கம்ப்யூட்டர்ல ரெண்டு இயங்குதளம் போட்டுக்குவாங்க, பாத்திருப்பீங்க சார். ஒரே பெட்டி, ஒரே திரை. ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும். இதுவும் அப்படித்தான். உங்க மகன் அழிஞ்சுட மாட்டார். அப்படியே இருப்பார். பக்கத்துல இன்னொருத்தர் குடிவருவார். பட்டறையைப் பாத்துக்கறது, நாலு பேர்கிட்ட பேசறது எல்லாம் அவர் செய்வார்."

"யார் எப்ப ஓடறதுன்னு யார் சொல்றது?"

"தூங்கி எழறப்ப மூளைக்குள்ள ஒரு வாசல் திறக்கும். யார் எழுந்திருக்கறீங்கன்னு கேக்கும். பத்து மூச்சுக்குள்ள பதில் வரலைன்னா, பட்டியல்ல யார் பேர் முதல்ல இருக்கோ அவர் எழுந்துக்குவார். வாசல் யார் பங்குல இருக்கோ, பட்டியலை எழுதறவர் அவர்தான். வழக்கமா வாசலை முதல் ஆளுக்கே குடுத்துடுவோம். இன்னொரு விஷயம். ரெண்டாவது ஆளால முதல் ஆளோட ஞாபகத்தைத் திறந்து படிக்க முடியும். முதல் ஆளால ரெண்டாவது ஆள் இருக்கறதைக்கூடப் பாக்க முடியாது."

"தம்பி அண்ணனப் பாத்துக் கத்துக்கறது நல்லதுதானுங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த எழுதுபலகையை எடுத்தார்.

"வர்றவர் வெறும் ஆளா வருவார் சார். அவருக்கு அடிப்படையா சில விதிகள் வேணும். சொல்லுங்க."

இதற்கு நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எழுந்து நின்று சொன்னேன். உட்கார்ந்துகொண்டு சொல்லும் விஷயம் இல்லை அது.

"குடும்பப் பேர் முதல்ல. ஆள் அப்பறம். அது யாரா இருந்தாலும் செரி."

"ம்."

"பெத்தவனுக்கு எதிராச் சாட்சிக்கூண்டு ஏறக்கூடாது."

அவர் விரல் நின்றது. பிறகு எழுதிக்கொண்டார்.

"இன்னும் ஏதாவது? பொய் சொல்லக்கூடாது, அந்த மாதிரி?"

எனக்குச் சுருக்கென்றது. "அதச் சொல்லி வேற தெரியோணுமா? எங்க வீட்டுல பொய் கிடையாது. அப்படியே எழுதுங்க. சொல்லக்கூடாதுன்னு இல்ல. கிடையாதுன்னு."

எழுதி முடித்துவிட்டுக் கேட்டார். "மூணும் ஒண்ணோட ஒண்ணு மோதிச்சுன்னா?"

"எழுபத்து மூணு வருசமா எனக்கு மோதுனதில்லீங்க."

"மோதினா அதுவா ஒரு வழி கண்டுபிடிக்கும் சார். அந்த வழி உங்களுக்குப் பிடிக்காமப் போகலாம்."

பிறகு பங்கு பிரிக்கும் பேச்சு வந்தது. புதியவருக்கு ஒரு சிறு மூலையை மருத்துவமனையே ஒதுக்கும், அதுதான் வழக்கம் என்றார் டாக்டர். நான் மறுத்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் மூலையை ஒதுக்குவதில்லை. மூத்தவன் பிரிப்பான், இளையவன் எடுப்பான். மகுடேசன் ஒரு நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அதுவரை வாயே திறக்காதவன், அப்போது நிமிர்ந்தான்.

"அப்பா சொல்றபடியே செய்யுங்க டாக்டர். நான் பிரிக்கறேன். அவன் எடுத்தது போக மிச்சம் எனக்கு. வாசல் உள்பட எல்லாத்தையும் பிரிப்பேன். பின்னால யாரும் மாத்தக் கூடாது. வாக்குங்களா அப்பா?"

"வாக்கு" என்றேன். என் மகன் என் மகனாகவே இருக்கிறான் என்று அந்த நேரத்தில் மார்பு நிறைந்தது.

அவன் பிரித்ததைத் திரையில் காட்டினார்கள். எனக்கு ஒரு நிமிடம் கோபம் வந்தது. கோடு நேராக இல்லை. ஒரு பக்கம் எல்லாம் இருந்தது: பட்டறை, சாயக் கணக்கு, அவன் தாயார், மனைவி சுகந்தி, மகள் மிருதுளா, வாய்க்காலில் நீந்தக் கற்ற காலம், நாக்கின் ருசி, பாட்டு. மறுபக்கம் இரண்டே இரண்டு. தொட்டி நாள் ஒன்று. வாசல் ஒன்று.

அவன் கணக்கு எனக்குப் பிறகு புரிந்தது. எந்தப் புத்தியுள்ளவனும் பெரிய குவியலைத்தான் எடுப்பான். மிஞ்சுவது தொட்டியும் வாசலும். வாசல் கையில் இருந்தால் ஒவ்வொரு காலையும் அவனே எழுந்துகொள்ளலாம். தொட்டி நாள் கையில் இருந்தால் போய்ச் சொல்லலாம். மற்றதையெல்லாம் இழக்க அவன் தயாராக இருந்தான், பெற்ற மகள் உள்பட.

புதியவனைத் தற்காலிகமாக எழுப்பினார்கள். மகுடேசனின் வாய்தான் பேசியது. ஆனால் குரல் ஒரே உயரத்தில் போனது.

"ரெண்டாவது பங்க எடுத்துக்கறேனுங்க."

டாக்டர் திடுக்கிட்டார். "அதுல ஒண்ணுமே இல்லையேப்பா. ஒரு நாள்தான் இருக்கு. ஒரு வாசல்."

"குடும்பப் பேர்ல களங்கம் இருக்கற எடம் அதுதானுங்க. அதப் பாத்துக்கத்தான என்னைய வரச் சொன்னீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்லலாம் என்பதுபோல் பார்த்தார். வாக்குக் கொடுத்திருந்தேன். தவிரவும், எனக்குப் பெருமையாக இருந்தது. களங்கத்தைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொள்கிற பிள்ளை யாருக்குக் கிடைப்பான்?

அவனைச் சின்னவன் என்று கூப்பிட்டோம். பழையவன் பெரியவன். சுகந்தி மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டாள். பெரியவனை "அவரு" என்பாள், சின்னவனை "அது" என்பாள்.

சின்னவனைப் போல ஒரு மகனை நான் கண்டதில்லை. நான் இருக்கும் இடத்தில் உட்கார மாட்டான். சொன்ன சொல்லை இரண்டாம் முறை சொல்ல வைக்க மாட்டான். தொட்டிகளுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினான். தை முதல் நாள், உறவு முழுவதையும் கூட்டிக் கொத்துச்சாவியை அவன் கையில் கொடுத்தேன். பதிவு அலுவலகத்திலும் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போட்டேன்.

"மச்சான் குடுத்து வெச்சவருங்க. என்ர பையன்கிட்டச் சாவி குடுத்தா வண்டிய எடுத்துட்டு ஊட்டி போயிருவான்" என்றார் என் தங்கை வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவனும் சிரித்தான். மற்றவர்கள் நிறுத்திய அதே கணத்தில் நிறுத்தினான்.

வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, பெரியவனை எழவிடுவான். பிறகு அது பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆனது. மாசி கழிந்தபோது மாதம் ஒன்று. பெரியவன் எழுந்த நாட்களில் வீட்டில் பாட்டுக் கேட்கும். தொட்டி நாளும் அதை ஒட்டிய நினைவுகளும் அவன் பங்கில் இல்லை. அதனால், தான் ஏன் துக்கமாக இருந்தோம் என்பதே அவனுக்குத் தெரியாது. இடையில் போன நாட்களை நோய் என்று நம்பினான். டம்ளரில் தாளம் போட்டுக்கொண்டு மகளோடு கொட்டம் அடிப்பான்.

பங்குனியில் ஒருநாள் சுகந்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். அவள் அப்படி வருகிறவள் அல்ல.

"மாமா, நேத்து மிருதுளா கீழ உழுந்து முழங்கால் தேஞ்சு போச்சுங்க. அது அங்கதான் இருந்துச்சு. ஓடி வரல. நின்ன எடத்துலயே ஒரு நொடி கண்ண மூடுச்சு. அப்பறம் ஓடி வந்து தூக்கி, 'என்ர தங்கத்துக்கு ஒண்ணுமில்ல'ன்னு ஊதி உட்டுச்சு. அவரு சொல்ற மாதிரியே."

"அதுல என்ன தப்பம்மிணி?"

"புள்ள அழுதா என்ன பண்ணோணும்னு அவருகிட்டப் போயிப் படிச்சுட்டு வருதுங்க மாமா. என்ர பொறந்தநாளையும் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிச்சு. அந்தப் புள்ள இப்ப உழுந்தா அழறதில்லீங்க. அது கண்ண மூடறதப் பாக்கப் பயமா இருக்குதாம்."

"குடும்பம்னா நாலும் இருக்கும். பொறுத்துக்க."

"உங்க மகன எனக்குத் திருப்பிக் குடுங்க மாமா."

மருமகள் நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவளாகப் போய்விட்டாள்.

சித்திரை கடைசி ஞாயிறு, பெரியவன் எழுந்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கூடத்தில் இருந்தோம். சுகந்தி மோர் கொண்டுவந்து வைத்தாள். அவன் பட்டறைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்திருந்தான்.

"ஏனுங்கப்பா, தொட்டிக்கெல்லாம் மூடி போட்டு, பூட்டுப் போட்டு... உள்ள என்ன புதையலா வெச்சிருக்கறீங்க?"

"பாதுகாப்புக்கு."

"அய்யாவண்ணன் ஒத்துக்கிச்சுங்களா? ஆமா, எங்கீங்க அது? எத்தன தடவ வந்துட்டேன், கண்ணுலயே படல. எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்த மனுசன், உடம்புக்கு முடியாதவன ஒரு எட்டு வந்து பாக்க வேண்டாங்களா?"

சுகந்தி கையிலிருந்த சொம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மிருதுளா என் முகத்தைப் பார்த்தாள். பத்து வயதுக் குழந்தைக்குக்கூட அய்யாவு இறந்தது தெரியும். அந்தக் கூடத்தில் தெரியாதவன் அவன் ஒருவன்தான். அதுவும் கண்ணால் பார்த்தவன்.

"வெளியூர் போயிருக்கான்" என்றேன்.

"எந்த ஊருங்க?"

"சூரத். புது மிஷின் பாக்க."

"சொல்லிக்காமயேங்களா? வரட்டும், வெச்சுக்கறேன் அதுக்கு!" என்று சிரித்துக்கொண்டே மோரை எடுத்துக் குடித்தான்.

நிமிர்ந்தபோது சுகந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருமணமாகி வந்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை சின்னவன் என் முன் வந்து கைகட்டி நின்றான்.

"அப்பா, வைகாசி பதினெட்டு ஆணையத்தோட கடைசி அமர்வுங்க. அன்னிக்கு நீங்க போயி, தொட்டியில எறங்கச் சொன்னது நான்தான்னு சொல்லோணுங்க."

நான் கேட்டது சரிதானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"களங்கத்த மூடி வெச்சிருக்கறமுங்க. இன்னும் தொடைக்கல. அய்யாவு பேர்ல அது இருக்கற வரைக்கும் நம்ம பேர்ல இருக்கற மாதிரிதானுங்க. செஞ்சவரே எந்திரிச்சு நின்னு சொன்னா, ஊரு நம்மளக் கையெடுத்துக் கும்புடும்."

"இல்லீன்னா நீ போயிச் சொல்லப் போறயா?"

"பெத்தவருக்கு எதிராச் சாட்சிக்கூண்டு ஏறக்கூடாதுங்க. நான் ஏற மாட்டேன்."

அப்பாடா என்றிருந்தது. "அப்பப் பேச்ச உடு. என்னால முடியாது."

"செரிங்க" என்றான். கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தச் 'செரிங்க'வில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை. பட்டறையில் ஒரு சாயம் ஏறவில்லையென்றால் வேறு சாயத்துக்கு மாற்றச் சொல்லும்போதும் அவன் குரல் அப்படித்தான் இருக்கும்.

நான்காம் நாள் டாக்டர் ஹெலன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட இன்னொரு மருத்துவர். சின்னவன் நாற்காலி போட்டு உட்கார வைத்தான், தான் நின்றுகொண்டான்.

"சார், ஒரே ஒரு கேள்வி. அய்யாவுங்கறவர் இப்ப எங்க இருக்கார்?"

எனக்குப் புரியவில்லை. "எந்த அய்யாவு?"

"அப்பா போன ஞாயித்துக்கெழம சொன்னாருங்க" என்றான் சின்னவன். "சூரத் போயிருக்கார்னு. பெரியவரோட ஞாபகத்துல அப்படியே இருக்குதுங்க, படிச்சேன். சம்சாரமும் மகளும் கூட இருந்தாங்க. எங்க வீட்டுல பொய் கிடையாதுங்க டாக்டர். அது உங்களுக்கே தெரியும், எழுதிக்கிட்டவங்க நீங்கதான். பொய் இல்லைன்னா, அப்பா அத நம்பறார்னுதானுங்க அர்த்தம். செத்துப் பத்து மாசமான ஆள, வெளியூர் போயிருக்கார்னு நம்பறாருங்க."

டாக்டரின் கையில் தாள் இருந்தது. மனநலம் சரியில்லை என்று மகுடேசனுக்கு நான் கையெழுத்துப் போட்ட அதே வகைத் தாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் சின்னவன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான். அவனால் சாட்சி சொல்ல முடியாது. என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எனக்குள் ஒரு இளையவன் வந்தால், என் வாயால், என் குரலில், ஆணையத்தின் முன் எழுந்து நின்று அவன் ஒப்புக்கொள்வான். மூன்று விதிகளில் ஒன்றுகூட உடையவில்லை.

டாக்டர் மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"சார்" என்று குரலைத் தாழ்த்தினார். "நீங்க நல்லா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. 'தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்'னு. நான் இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடறேன்."

நான் வாயைத் திறந்தேன்.

என் தகப்பனார் துண்டை உதறிய சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் பொய் கிடையாது என்று இதே அம்மாளிடம், எழுந்து நின்று, நான் சொன்ன சத்தமும் கேட்டது.

அவர் காத்திருந்தார். பத்து மூச்சு இருக்கும். எண்ணிக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

"பதில் வரலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தாளில் கையெழுத்துப் போட்டார். "உங்க மகனும் அன்னிக்கு வாயைத் திறக்கலை சார். பங்கு பிரிக்கறப்பதான் திறந்தார்."

எங்கள் முறையையே சின்னவன் எனக்கும் கேட்டு வாங்கிக்கொடுத்தான். மூத்தவன் பிரிக்கலாம், இளையவன் எடுப்பான். திரையும் அதில் கோடு போடும் கோலும் என் கையில் கொடுத்தார்கள். நேற்று முழுவதும் உட்கார்ந்து பிரித்தேன்.

என் மகன் செய்த தவற்றை நான் செய்யவில்லை. வருகிறவன் எதை எடுப்பான் என்று எனக்குத் தெரியும். அவனும் என் விதிகளில் பிறக்கப்போகிறவன்தான். தொட்டி நாள் எந்தக் குவியலில் இருக்கிறதோ அந்தக் குவியலை எடுப்பான். ஆகவே தொட்டி நாளை ஒரு பக்கம் தனியாக வைத்துவிட்டு, வாசலை எனக்கு மிஞ்சும் பக்கம் நிறுத்தியிருந்தால், பத்தொன்பதாம் தேதி காலையில் நானே எழுந்திருக்கலாம். இதை எனக்குச் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை.

ஆனால் பத்தொன்பதாம் தேதி காலையில் ஊர் முகத்தில் விழிக்க வேண்டியவன் யார்? மாராத்தாள் வீட்டு வாசலைக் கடந்து பட்டறைக்கு நடக்க வேண்டியவன் யார்? கோலை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு வாசலையும் தொட்டியோடு சேர்த்து வைத்தேன். தலைகுனிந்து நடக்கிற வேலையை இளையவன் பார்த்துக்கொள்ளட்டும். எழுபத்து மூன்று வருடம் குனியாத தலை, இனியும் குனிந்ததாக எனக்குத் தெரியவராது.

முடித்து வைத்தபோதுதான் மற்றது உறைத்தது. எனக்கு மிஞ்சும் குவியலில் தொட்டி நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்து, அவர்கள் என்னை எழவிட்டால், நான் கூடத்துக்கு வந்து உட்காருவேன். சுற்றிப் பார்ப்பேன். கேட்பேன்.

இன்று காலை சுகந்தியைக் கூப்பிட்டேன். கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. சின்னவன் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். இதுவரை எழுதிய தாள்களை அவள் கையில் கொடுத்தேன். கடைசித் தாளை மட்டும் வைத்துக்கொண்டேன். அவள் படிக்கவில்லை. முன்பே தெரிந்தவள்போல மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மிணி, நான் பாட்டுக்கு எந்திரிச்சு வந்து, அய்யாவு எங்கேன்னு கேட்டாலும் கேப்பேன். வெளியூர் போயிருக்கான்னு சொல்லிரும்மா."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இந்த வீட்டுல பொய் கிடையாதுங்க மாமா" என்றாள்.